கொக்குக்குப் பக்கத்தில் நிற்கிறவர்

வெள்ளையப்பன் வரப்போகிறான் என்பது ஒரு மாதத்துக்கு முன்னாலேயே வன்னிமடை ஊருக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற அரவை மில்லின் பக்கச்சுவர் முழுக்க நீலம் அடித்து, ஆள் படமும் இல்லாமல் சரக்குப் படமும் இல்லாமல் வெறும் ஒரு மஞ்சள் அலகை மட்டும் வரைந்து, 'வெள்ளையப்பன் வருகிறான்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பேப்பரின் முதல் பக்கத்தில் அதே அலகு, ரேடியோவில் அதே வாசகம், கோவில்பட்டிக்கும் வன்னிமடைக்கும் நடுவே ஓடுகிற செல்வநாயகி பஸ்ஸின் முதுகிலும் அதே அலகு. வெள்ளையப்பன் யார், புதுக் கட்சியா, புதுப் படமா, எவனாவது சாமியாரா என்று போகிற சனமும் வருகிற சனமும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிறகு, கிரிக்கெட் இறுதி ஆட்டம் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாட்டில் உள்ள டிவி எல்லாம் ஒரே சேனலில் நிற்கிற நேரமாகப் பார்த்து வெள்ளையப்பன் வந்தான்.

அவன் ஒரு கொக்கு. தும்பைச் சலவை சோப்புக்காகக் கம்பெனிக்காரர்கள் புதிதாகப் பெற்றெடுத்த பிள்ளை. ஆள் உயரம், மூக்கில் கண்ணாடி, கழுத்தில் நீலக் கைக்குட்டை. எந்த மாடும் மேய்ந்திராத ஒரு பச்சைப் புல்வெளியில் நீளநீளமாகக் கொடி கட்டி, கொடி நிறைய வெள்ளைத் துணி காற்றில் ஆட, அவன் துணிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு ஆடிக்கொண்டே வந்து, கடைசியில் முன்னால் நின்று, 'வெள்ளைன்னா வெள்ளையப்பன்!' என்று சொல்லிக் கண்ணடித்தான். அன்றைக்கு ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று கேட்டால் வன்னிமடைக்காரர்கள் இன்றைக்கும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். ஏனென்றால் அந்த விளம்பரம் முதன்முதலாக ஓடி முடிவதற்குள், வடக்குத் தெரு செண்பகவல்லியின் புருசன் பூவலிங்கம் அந்த விளம்பரத்துக்குள்ளேயே போய்விட்டிருந்தார்.

பூவலிங்கம் செல்வநாயகி பஸ்ஸில் கண்டக்டர். அன்றைக்கு முறை இல்லாத நாள் என்பதால் கைலியும் பனியனுமாக டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டுத் தோசை தின்றுகொண்டிருந்தார். மூன்றாவது தோசையைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்த செண்பகவல்லி, தட்டைப் பார்த்தாள், தட்டில் பிய்த்துச் சட்னியில் முக்கி வைத்த தோசைத் துண்டைப் பார்த்தாள், ஆளைக் காணவில்லை. கை கழுவப் போயிருப்பார் என்று நினைத்தால், பாதித் தோசையில் கை கழுவுகிற மனுசர் அவர் இல்லை. மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மகள் மாரீஸ்வரி, மடித்த துணியை மடியில் வைத்தபடியே, "யம்மா, அப்பா டிவில நிக்காக" என்றாள்.

நின்றார். கொடியின் பின்னால், வலது பக்க ஓரத்தில், அதே கைலி, அதே பனியன், சட்னி பட்ட வலது கையை மேலே படாமல் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவர்கள் சிரிக்கச் சொன்னால் சிரிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். வெள்ளையப்பனின் ஒரு சிறகு அவர் தோளின்மேல் கிடந்தது. பிறகு ஆட்டம் வந்தது, பந்து வந்தது, தோசை ஆறியது. சில ஓவர்கள் கழித்து விளம்பரம் மறுபடி வந்தபோது பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவர்களும் பார்த்தார்கள். யாரும் அலறவில்லை. "ஆமா, பூவலிங்கம் அண்ணாச்சிதான்" என்றார்கள். "எப்பிடிப் போனாக?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "நடந்துதான் போயிருப்பாக, செருப்பு இங்கதானே கெடக்கு" என்று இன்னொருத்தி சொன்னாள். அதோடு அந்தக் கேள்வியை ஊர் விட்டுவிட்டது.

மறுநாள் காலையில் செண்பகவல்லி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்த ஏட்டு நல்ல மனுசர். அவளை உட்காரச் சொல்லி, அறையில் இருந்த டிவியைப் போட்டு, செய்திக்கு நடுவே அந்த விளம்பரம் வருகிறவரைக்கும் அவரும் பொறுமையாகக் காத்திருந்தார். வந்தது. எழுந்துபோய்க் கிட்டத்தில் நின்று உற்றுப் பார்த்தார்.

"ஆளு நல்லாத்தானம்மா இருக்காரு. காயம் கீயம் ஒண்ணும் தெரியல."

"இருக்காக சார். வீட்டுக்கு வரமாட்டேங்காகளே."

"கண்ணுக்கு முன்னால நிக்கிற ஆளைக் காணலைன்னு நான் எப்பிடித்தாயி எழுதட்டும்?" என்றார் ஏட்டு. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியவில்லை.

செல்போனில் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. பிடித்ததில் கொக்கு இருந்தது, கொடி இருந்தது, புல் இருந்தது, அவர் இருந்த இடத்தில் புல்தான் இருந்தது. சேனல்காரர்கள் ஓட்டும்போது, ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான் அவர் இருந்தார். பஸ் முதலாளி வந்து திண்டு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்து, விளம்பரம் வந்ததும் எழுந்து நின்று, "பூவலிங்கம், எப்ப டூட்டிக்கு வாரீரு?" என்று கேட்டார். பூவலிங்கம் சிரித்தார், கொக்கு கண்ணடித்தது, முடிந்துபோனது. முதலாளி அதை லீவு சொன்னதாக எடுத்துக்கொண்டு, வேறொரு ஆளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அந்தப் புது ஆளும் டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம், "அண்ணாச்சி வர்றவரைக்கும்தான் நான்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூவலிங்கத்தின் அக்கா வேலம்மாள் கழுகுமலையிலிருந்து வந்து இறங்கினாள். வந்தவள் முதலில் அழுதாள், அப்புறம் தம்பியை டிவியில் பார்த்தாள், அப்புறம் தெருப் பெண்கள் வாய்க்குள்ளேயே மென்றுகொண்டிருந்த கேள்விக்கு, யாரும் கேட்காமலே எல்லாருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னாள். "எந்தம்பி கண்ணுல தெரியுதான். மூச்சு விடுதான், பனியன் ஏறி எறங்குது பாத்தேன். எவளாவது இவ பொட்டப் பத்தி, பூவப் பத்திப் பேசுனா நாக்க இழுத்து அறுத்துருவேன்." அதனால் செண்பகவல்லி பொட்டு வைத்தாள், பூ வைத்தாள். அவளைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லவும் முடியாமல், கொடுத்து வைத்தவள் என்று சொல்லவும் முடியாமல் தெரு அவளைச் சும்மா பார்த்தது.

கேபிள்கார டென்சிங்குக்குத்தான் எந்தச் சேனலில் எப்போது அந்த விளம்பரம் வரும் என்பது கொஞ்சம் பிடிபட்டது. காலைச் செய்தியில் உண்டு, சாயங்கால சீரியலில் உண்டு, கிரிக்கெட் நடந்தால் கணக்கே இல்லாமல் உண்டு. முதலில் சைக்கிளில் பறந்துவந்து வாசலில் கத்திக்கொண்டிருந்தவன், பிறகு தன் ஆபீஸ் மாடியில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, "வடக்குத் தெரு பூவலிங்கம் அண்ணாச்சி வாராரு, அண்ணாச்சி வாராரு" என்று சொல்ல ஆரம்பித்தான். சொன்னால் போதும், கடைகளில் நிறுவை நிற்கும், அடிபம்பில் கை நிற்கும், ஊர் முழுக்க அவரவர் வீட்டு டிவிக்கு முன்னால் போய் ஒரு கும்பிடோ, ஒரு கையாட்டலோ, ஒரு "என்ன அண்ணாச்சி, சுகமா?"வோ சொல்லிவிட்டு வந்துதான் மறுவேலை. துபாய்க்குப் போகிறவர்கள் அவரிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். குழந்தை பிறந்தால் காட்டினார்கள். பாக்கியாக நின்ற ஒரு தெருச் சண்டையை அவர் முன்னால் வைத்துப் பேசி முடித்தார்கள், அவர் சிரித்ததை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டதால் சண்டை நன்றாகவே முடிந்தது. பிறகு, எல்லாமும் பழகுகிற மாதிரி அதுவும் பழகிப்போய், வெங்காயம் உரிக்கிறவர்கள் உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்கள்.

செண்பகவல்லிக்குப் பழகவில்லை. தட்டைக் கழுவி வைத்திருந்தாள், ஒவ்வொரு தடவையும் அவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். முதல் வாரத்திலேயே அவள் கண்ணில் பட்ட ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய வலது கையில் சட்னி இல்லை. யாரோ கழுவி விட்டிருந்தார்கள். பனியன், இவள் எத்தனை வருசம் நீலம் போட்டு அலசியும் வராத வெளுப்பாக வெளுத்திருந்தது. தாடி வளரவில்லை. இடுப்பில் கைலி புதிதாகக் கட்டின மாதிரி இருந்தது. இத்தனையும் அங்கே யார் செய்கிறார்கள், அவர் சிரிக்கிறாரே, அது சும்மா சிரிப்பா, மனசோடு சிரிக்கிற சிரிப்பா, கூப்பிட்டார்கள் என்று போனாரா, இழுத்துக்கொண்டு போனார்களா என்று சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்து, சாப்பிடாமலே கை கழுவினாள். மாரீஸ்வரி கேட்டால், "உங்கப்பாவுக்கு என்ன, வெயிலா மழையா, நல்ல எடத்துலதான் நிக்காக" என்றாள். அதைச் சொல்லி முடித்ததும் அந்தக் கொக்கின் கழுத்தைத் திருகிப் போடவேண்டும்போல இருந்தது.

ஒருநாள் டென்சிங் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. விளம்பரம்னா சாகுறவரைக்கும் ஓட்டமாட்டான். சரக்கு வித்தா ஓட்டுவான். விக்கலைன்னா எடுத்துருவான்."

"எடுத்துட்டா?"

டென்சிங் நிலையை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தான். மறுநாளே செண்பகவல்லி கடைக்குப் போய், அதுவரைக்கும் வீட்டுக்குள் விடாமல் வைத்திருந்த தும்பை சோப்பைக் கேட்டு வாங்கினாள். வேலம்மாள் ஒரு பெட்டி வாங்கினாள். தெரு வாங்கியது, அப்புறம் ஊர் வாங்கியது. தேவை உள்ளவன் இல்லாதவன் எல்லாரும் வாங்கினார்கள், பரணில் சோப்பு, நெல் குதிருக்குள் சோப்பு, தலையணைக்கு அடியில் சோப்பு, மொய் எழுதுவதற்குப் பதில் சோப்பு. வாங்கினதை வீணாக்கக் கூடாது என்று அழுக்கு இல்லாத துணியையும் துவைத்தார்கள். வன்னிமடைத் துணிகள் ஒவ்வொன்றாக நிறம் இழந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காக்கி டவுசர் சந்தன நிறமாகி, பின்பு பால் நிறமாகியது. காளியம்மன் கோயில் சிவப்புச் சேலை ரோஸ் ஆனது. அடித்துக்கொள்ளுகிற இரண்டு கட்சிகளின் கொடியும் துவைத்துத் துவைத்து ஒன்றுபோல வெள்ளையாகி, கம்பத்தில் பறப்பது யார் கொடி என்று கட்சிக்காரர்களே கேட்டு விசாரிக்கவேண்டி வந்தது. அமாவாசை இருட்டில்கூட ஊர் மங்கலாக வெளிச்சம் தந்ததாக, மெயின் ரோட்டில் லாரி ஓட்டிப் போனவர்கள் சொன்னார்கள்.

இத்தனை சிறிய ஊரில் இத்தனை விற்பனையா என்று கம்பெனிக்கு ஆச்சரியம். ஊரைக் கௌரவிக்க ஒரு வேன் அனுப்பினார்கள். வேனிலிருந்து பாட்டோடு இறங்கியது வெள்ளையப்பன், ஆள் உள்ளே புகுந்து ஆடுகிற பஞ்சு வெள்ளையப்பன். பிள்ளைகள் அதன் வாலைப் பிடித்து இழுத்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு செண்பகவல்லி வந்தாள். அவள் வருவதைப் பார்த்ததும் கூட்டம் தானாக ஒதுங்கியது, பாட்டுப் போட்டவன்கூட என்ன தோன்றியதோ, பாட்டை நிறுத்தினான். அவள் கொக்கின் சிறகைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவுக சாப்பிட்டாகளா?"

கொக்கின் அலகு அவள் பக்கம் திரும்பியது.

"காலையில வெறும் வயித்துல வெந்நி குடிச்சாத்தான் அவுகளுக்கு ஒத்துக்கும். அங்க குடுக்காகளா? ராத்திரி எங்க படுக்காக? ஒங்கிட்ட ஏதும் சொன்னாகளா, எங்களைப் பத்தி?"

 கொக்கு தன் தலையைக் கழற்றியது. உள்ளே, வேர்வையில் ஊறி நரைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு அவளைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்தார். யாராவது தனக்கு என்ன நடக்கிறது என்று சொல்வார்களா என்று தேடுகிற பார்வை. 

"நல்லா இருக்காரும்மா" என்றார் கடைசியில். "சாப்பிட்டாரு."

அவர் பொய் சொல்கிறார் என்று செண்பகவல்லிக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டாள். அந்த ஆளுக்கு வீட்டிலிருந்து ஒரு சொம்பு மோர் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தாள்.

மாரீஸ்வரிக்கு எட்டயபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் கந்தவேல், பஞ்சாலையில் வேலை. சம்மந்தி வீட்டார் நல்ல மாதிரி. "பொண்ணோட அப்பா சம்மதம் இல்லாம எப்பிடி?" என்று அவர்களே கேட்டு, ஒரு கிரிக்கெட் நாளாகப் பார்த்து வந்து உட்கார்ந்து, விளம்பரத்துக்கு விளம்பரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசித் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்தபோதும் ஐயர் ஒருபக்கம், டென்சிங் ஒருபக்கம் உட்கார்ந்து, நல்ல நேரமும் காலைச் செய்தியும் ஒத்துவருகிற நாளாகத்தான் குறித்தார்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்து மணமேடையில், பொண்ணுக்குத் தகப்பன் உட்காரவேண்டிய மணையில், மாலை போட்டு டிவியை வைத்திருந்தார்கள். மாரீஸ்வரி அதற்குப் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், செண்பகவல்லி டிவியின்மேல் கை வைத்தபடி நின்றாள். மேளகாரர்கள் டென்சிங் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் கை தூக்கினால் கெட்டிமேளம். செய்தி முடிந்தது. நீல வானம் வந்தது. டென்சிங் கை தூக்கினான், கெட்டிமேளம் கொட்டியது, கந்தவேல் தாலியைக் கட்டினான், அரிசி பறந்தது. வெள்ளையப்பன் ஒற்றையாக முன்னால் வந்து, "வெள்ளைன்னா வெள்ளையப்பன்!" என்று சொல்லிக் கண்ணடித்துவிட்டுப் போய்விட்டான். ஆட்டம் இல்லை, கொடி இல்லை, கொடிக்குப் பின்னால் யாரும் இல்லை. தொடங்கியதும் முடிந்ததும் தெரியவில்லை.

மேளம் மட்டும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தது. மாரீஸ்வரி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். செண்பகவல்லி டிவியை ஒரு தட்டுத் தட்டினாள், படம் தெரியாவிட்டால் தட்டுவோமே, அந்த மாதிரி.

"கொறைச்சுட்டாங்கக்கா" என்றான் டென்சிங்.  "ஊருக்கெல்லாம் கொக்கு யாருன்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே நீளமா எதுக்குன்னு பாதியா வெட்டிட்டாங்க. கிரிக்கெட்ல மட்டும்தான் முழுசும் வருதாம். எனக்கே இப்பத்தான் தெரியுது."

மறுவீட்டுச் சடங்கு முடிந்ததும் செண்பகவல்லி, வேலம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மெட்ராசுக்குப் போனாள். சோப்புக் கம்பெனி ஆபீஸ் கண்ணாடியால் கட்டின கட்டிடம், கதவு எது சுவர் எது என்று தெரியவில்லை. கீழே ஒரு பெரிய டிவி, அதில் சத்தம் இல்லாமல் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து விளம்பரப் பகுதியைப் பார்க்கிற நிவேதா என்கிற பெண் இறங்கி வந்தாள். மாரீஸ்வரியைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். தன் கம்ப்யூட்டரில் அந்த விளம்பரத்தைப் போட்டுக் காட்டினாள். அதில் கொக்கும் புல்லும்தான் இருந்தன.

"இதுல இல்லம்மா, ஓட்டும்போதுதான் வருவாக" என்றாள் செண்பகவல்லி. "அந்தா, அந்த டிவில வரும். செத்த நேரம் எங்ககூட நில்லுங்க."

நிவேதா நின்றாள். ஓவர் முடிந்தது, விளம்பரம் வந்தது. செண்பகவல்லி விரல் நீட்டிய இடத்தைப் பார்த்தவள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஆமா. ஒருத்தர் நிக்கிறார்."

"எம்புருசன்."

"இவர் எங்க ஷூட்டிங்ல இல்லைங்க. நாங்க யாரையும் அங்க நிறுத்தலை. அதனால..." என்று ஆரம்பித்தவள், கொஞ்சம் யோசித்துச் சொல்லை மாற்றினாள். "எடுத்துவிடணும்னா எங்க இருந்து எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா. எங்ககிட்ட இருக்கிறதுல அவர் இல்லையே."

"எடுத்துவிடச் சொல்லலம்மா. ஓட்டிக்கிட்டே இருக்கச் சொல்லுதோம்" என்றாள் வேலம்மாள்.

நிவேதா இரண்டு பேரையும் உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, அவர்கள் குடித்து முடிக்கிறவரைக்கும் காத்திருந்து சொன்னாள். அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒரு பெரிய கோப்பை ஆட்டம், அதன் ஃபைனலோடு இந்த விளம்பரம் நிற்கிறது. வெள்ளையப்பனுக்குக் கல்யாணம் ஆகிற மாதிரி புதிய படம் தயாராகிவிட்டது. அதில் புல்வெளி கிடையாது. எல்லாம் மேலே முடிவு செய்தாயிற்று, மேலே என்றால் பம்பாயில், பம்பாய்க்கும் மேலே வேறு யாரோ. "நான் கேட்டுப் பார்க்கிறேன்" என்றும் சொன்னாள். அவள் கேட்கத்தான் செய்தாள். ஒரு வாரம் கழித்து அவளே போன் போட்டு, "கேட்டேன்மா" என்று மட்டும் சொன்னாள். செண்பகவல்லி, "நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லி வைத்தாள்.

ஃபைனல் அன்று அந்த நாட்டில் காலை, நமக்கு மத்தியானம். செண்பகவல்லி வீட்டில் நிற்க இடமில்லை, மாரீஸ்வரியும் கந்தவேலும் வந்திருந்தார்கள், வாசலில் முற்றத்தில் தெருவில் எல்லாம் வெளுத்த துணி உடுத்தின சனம். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே அந்த ஊரில் மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தைத் தார்ப்பாயால் மூடினார்கள். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாத சேனல்காரர்கள், விளம்பரத்தை எடுத்து ஓட்டினார்கள், ஓட்டி முடித்து மழையைக் காட்டினார்கள், மறுபடி விளம்பரத்தை ஓட்டினார்கள். பூவலிங்கம் வந்தார், போனார், வந்தார், போனார், வீட்டுக்குள் நடமாடுகிற ஆள் மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தார். அப்போது வன்னிமடை ஊர், தன் கரிசல்காட்டுக்கு மழை கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஊர், பெயர்கூட வாயில் நுழையாத அந்தத் தூரதேசத்து ஊரில் மழை விட்டு ஆட்டம் முடிந்துவிடக்கூடாது என்று காளியம்மனைக் கும்பிட்டது. கோயில் மணியை அடித்தார்கள். வேலம்மாள் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வந்து நின்றாள்.

முதலில் ஊர் பேசியது. போய்வா என்றவர்கள், மன்னித்துக்கொள் என்றவர்கள், ஒன்றும் சொல்லத் தெரியாமல் கும்பிட்டவர்கள். அப்புறம் அவர்களாகவே அடங்கி, செண்பகவல்லிக்கு வழிவிட்டார்கள். பேச வேண்டியதை எல்லாம் அவள் விளம்பரம் விளம்பரமாகப் பிய்த்துப் பிய்த்துத்தான் பேச முடிந்தது.

"ஏங்க, மாரிக்குக் கல்யாணம் ஆயிருச்சு. இந்தா நிக்கான் பாருங்க, மாப்பிள்ளை."

அவர் சிரித்தார். மழை. தார்ப்பாய். மறுபடி நீல வானம்.

"வாங்களேன். இந்தக் கண்ணாடிதானே நடுவுல இருக்கு. ஒடைக்கணுமா? சொல்லுங்க, ஒடைச்சிருதேன்."

சிரித்தார். மழை.

"அங்க இருக்கத்தான் பிடிச்சிருக்குன்னா அதையாவது சொல்லுங்க. நான் கோவிக்கமாட்டேன்."

சிரித்தார்.

"நான் பேசுதது ஏதும் ஒங்களுக்குக் கேக்குதா?"

மழை கொஞ்சம் குறைந்திருந்தது. தார்ப்பாய்மேல் நின்ற தண்ணீரை அங்கே ஆட்கள் தள்ள ஆரம்பித்தார்கள். "விட்டுரும்போலயே" என்று யாரோ முற்றத்தில் சொல்ல, "சும்மா கெடல" என்று பல குரல் அவனை அடக்கியது. செண்பகவல்லிக்குக் கேட்பதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை. வா என்று கூப்பிட்டாயிற்று, ஏன் என்று கேட்டாயிற்று, கோபப்பட்டாயிற்று. அவளிடம் இருந்த வார்த்தை எல்லாம் அந்த மனுசர்மேல் பட்டு, ஒன்றுகூட ஒட்டாமல் திரும்பிவிட்டது. மறுபடியும் நீல வானம் வந்தது, துணிகள் ஆடின, சிறகின் கீழே அவர். அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே நரம்பு பச்சையாகச் சுருண்டுகிடந்தது. இருபது வருசத்துக்கும் மேலாக ஓடுகிற பஸ்ஸில், காலி சீட் இருந்தாலும் பாசஞ்சர் வருவான் என்று நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்த கால்.

"எப்பம் பாத்தாலும் நின்னுக்கிட்டேதான் இருக்கணுமா?" என்றாள் செண்பகவல்லி. அவள் குரலில் அழுகை இல்லை, பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் புருசனிடம் பேசுகிற குரல். "செத்த உக்காருங்க."

பூவலிங்கத்தின் சிரிப்பு நின்றது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், உட்கார்ந்தால் யாருக்காவது இடைஞ்சலாக இருக்குமோ என்று பார்க்கிற மாதிரி. பிறகு முழங்காலில் கையை ஊன்றி, மெதுவாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புல்லின்மேல் உட்கார்ந்தார். ஒரு காலை நீட்டினார். இன்னொரு காலையும் நீட்டினார். கைலியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். வெள்ளையப்பனின் சிறகு, தோள் இருந்த உயரத்திலேயே காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதோடேயே முன்னால் ஆடிவந்து, சொல்லவேண்டியதைச் சொல்லிக் கண்ணடித்தான்.

அங்கே மழை விட்டிருந்தது. வெள்ளைக்கோட்டுப் போட்ட அம்பயர்கள் இறங்கி வந்தார்கள், தார்ப்பாயைச் சுருட்டினார்கள், அந்த ஊர்ச் சனம் கைதட்டி ஆரவாரம் செய்தது. வன்னிமடையில் கோயில் மணி நின்றது. மாரீஸ்வரி, "இன்னொரு தடவை போடுவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

செண்பகவல்லி சேலையை ஒதுக்கிக்கொண்டு, டிவிக்கு முன்னால், தானும் உட்கார்ந்தாள்.